கூகுள் பச்சையும் அரசிதழ் எல்லையும்: வாசகர் கேள்வி–பதில்

அருகிவரும் உயிரினங்களின் வாழிடங்களைக் கணினியிலும் கைப்பேசியிலும் தேடிப் பார்ப்பது பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

வேடந்தாங்கல் பக்கம் இரண்டு ஏக்கர் நிலம் பார்த்து முன்பணம் வரை பேசிவிட்டோம். கூகுள் மேப்பில் ஏரி மட்டும்தான் சரணாலயமாகத் தெரிகிறது. எங்கள் இடம் ஏரியிலிருந்து இரண்டரை கிலோமீட்டர். கவலை இல்லைதானே?
– மதுராந்தகம் வாசகர்

முன்பணத்தைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். ஆனால் 1998-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது ஏரி மட்டுமல்ல, அதைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையுள்ள பரப்பும் சேர்த்துத்தான். ஊர்கள், வயல்கள், பட்டா நிலங்கள் எல்லாம் அதற்குள் அடக்கம். 2020-ல் சரணாலயத்தை 3 கிலோமீட்டராகச் சுருக்க ஒரு முன்மொழிவு வந்து பெரிய எதிர்ப்பைச் சந்தித்தது. உங்கள் இடம் அந்தச் சுருக்கிய கணக்கிலும் உள்ளேதான் வருகிறது.

கூகுள் காட்டும் பச்சை, ஊர் பேர் தெரியாதவர் வழி கண்டுபிடிப்பதற்கானது. ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் இருப்பது தன்னார்வலர்கள் வரைந்தது. அதில் சில எல்லைகள் அசத்தலாக இருக்கும், சில யாரோ செயற்கைக்கோள் படத்தில் மரம் முடியும் இடத்தைப் பார்த்து இழுத்த கோடாக இருக்கும். இரண்டுமே அரசாணையைப் படித்துவிட்டு வரையப்பட்டவை என்று எடுத்துக்கொள்ள முடியாது.

எனவே முதல் வேலை, அறிவிக்கையின் நகலை வாங்குவது. வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். கையில் வந்ததும் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

ஒன்று, எந்தப் பிரிவு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் பிரிவு 18 என்பது சரணாலயமாக்கும் எண்ணத்தை அறிவிப்பது. 26ஏ என்பது இறுதி அறிவிப்பு. பிரிவு 18 அறிவிக்கை வந்துவிட்டாலே பிரிவு 20 வேலை செய்யத் தொடங்கிவிடும்: வாரிசுரிமையிலோ உயில் வழியிலோ தவிர, அந்தப் பரப்பு நிலத்தில் புதிதாக உரிமை எதுவும் பெற முடியாது. பத்திரம் பதிவாகிறதா என்பது வேறு, அந்த உரிமை செல்லுமா என்பது வேறு. இந்த இடத்தில் ஒரு வழக்கறிஞர் தேவை.

இரண்டு, 'சுற்றளவு' என்ற சொல். நம் பேச்சிலும் செய்திகளிலும் '5 கி.மீ. சுற்றளவு' என்றால் ஆரம் என்றே பொருள் கொள்கிறோம். கணக்குப்படி சுற்றளவு 5 கி.மீ. உள்ள வட்டத்தின் ஆரம் 800 மீட்டர், பரப்பு 2 சதுர கிலோமீட்டர். ஆரம் 5 கி.மீ. என்றால் பரப்பு 78 சதுர கிலோமீட்டருக்கு மேல். செய்தித்தாளை வைத்து முடிவெடுக்காமல் ஆணையின் வாசகத்தைப் பாருங்கள் என்பது இதற்குத்தான்.

மூன்று, எங்கிருந்து அளப்பது. ஏரியின் நடுவிலிருந்தா, கரையிலிருந்தா? 30 ஹெக்டேர் ஏரிக்கு இந்த வித்தியாசமே ஏறக்குறைய 300 மீட்டர் வரும்.

இனி வரைபடம். க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் போதும். செயற்கைக்கோள் படத்தைப் பின்னணியாக வைத்து ஏரிக்கரையை வரைந்துகொள்ளுங்கள். அந்த அடுக்கை 'ரீப்ரொஜெக்ட்' செய்து யுடிஎம் 44 வடக்கு மண்டலத்துக்கு, அதாவது மீட்டரில் அளக்கும் அமைப்புக்கு, மாற்றுங்கள் (மென்பொருளில் அதன் அடையாள எண் ஈபிஎஸ்ஜி 32644). இதைச் செய்யாமல் பஃபர் (சுற்றுவளையம்) போட்டால் மென்பொருள் தூரத்தை டிகிரியில் எடுத்துக்கொள்ளும். '5' என்று கொடுத்தால் ஐந்து டிகிரி, அதாவது 550 கிலோமீட்டர். பெங்களூருவும் சரணாலயத்துக்குள் வந்துவிடும். மாற்றிய பிறகு பஃபர் தூரம் 5000 மீட்டர் என்று கொடுங்கள். அதே பெட்டியில் 'செக்மென்ட்ஸ்' என்று ஓர் எண் இருக்கும், தானாக 5 என்று நிற்கும். அப்படியே விட்டால் கால் வட்டத்தை ஐந்து நேர்க்கோடுகளால் வரைந்துவிடும். வட்டம் இருபது பக்கப் பலகோணமாகி, ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் எல்லை 60 மீட்டர் வரை உள்ளே தள்ளிப்போகும். 50 என்று மாற்றினால் பிழை ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். எல்லையோரத்து நிலத்துக்கு இந்த 60 மீட்டர்தான் வழக்கே.

நிலத்தின் இடத்தைத் தமிழ்நாடு அரசின் புவியியல் தகவல் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்து எடுக்கலாம். அதில் புல எல்லைகள் செயற்கைக்கோள் படத்தின் மேல் சற்றே நகர்ந்து உட்கார்ந்திருப்பது சகஜம். வரப்போடு ஒப்பிட்டாலே தெரியும். உங்கள் நிலம் கோட்டிலிருந்து 100 மீட்டருக்குள் வந்தால் திரையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். புலப்படத்துடன் சர்வேயரை வைத்து அளந்து, வனத்துறையிடம் எழுத்தில் கேளுங்கள். இரண்டரை கிலோமீட்டருக்கு அந்தச் சிரமமெல்லாம் தேவைப்படாது.

எல்லா சரணாலயத்தைச் சுற்றியும் ஒரு கிலோமீட்டர் தடை என்று உச்ச நீதிமன்றம் சொன்னதாக ஊரில் பேச்சு. வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் வளையம் போட்டால் போதுமா?
– பொள்ளாச்சி விவசாயி

போதாது. 2022 ஜூன் 3-ல் குறைந்தது ஒரு கிலோமீட்டர் சூழல் கூருணர்வு மண்டலம் (சரணாலயத்தைச் சுற்றிய கட்டுப்பாட்டுப் பகுதி) வேண்டும் என்று வந்த உத்தரவை, 2023 ஏப்ரல் 26-ல் உச்ச நீதிமன்றமே திருத்தியது. மத்திய அரசு வரைவு அல்லது இறுதி அறிவிக்கை வெளியிட்ட இடங்களுக்கு அந்த அறிவிக்கையில் உள்ள எல்லைதான். அது ஒரு பக்கம் பூஜ்யமாகவும் மறுபக்கம் பல கிலோமீட்டராகவும் இருக்கலாம். சீரான வளையம் அநேகமாக எங்குமே பொருந்தாது. ஆனால் சுரங்கம், குவாரிக்கு ஒரு கிலோமீட்டர் தடை அப்படியே இருக்கிறது.

இந்த மண்டலம் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986-ன் கீழ் வருவது. சரணாலயம் வேறு சட்டம், வேறு கோடு. மண்டலத்துக்குள் நிலம் இருப்பதால் பட்டா போய்விடாது. எந்தெந்தத் தொழிலுக்குத் தடை, எதற்குக் கட்டுப்பாடு என்று அறிவிக்கையிலேயே அட்டவணை இருக்கும். வரைபடத்தில் இரண்டையும் ஒரே நிறத்தில் போட்டுவிட்டு ஊரில் பீதியைக் கிளப்புகிறவர்கள் நிறைய.

அரசிதழ் அறிவிக்கையின் இணைப்பில் எல்லைப் புள்ளிகளின் அட்டவணை இருந்தது. தட்டச்சு செய்து கூகுள் எர்த்தில் ஏற்றினால் புள்ளிகள் இருபது கிலோமீட்டர் வரை தள்ளி நிற்கின்றன. நண்பர் செய்த கோப்பில் எல்லாம் வடதுருவத்துக்குப் போய்விட்டன. எங்கே தப்பு?
– கல்லூரி மாணவர், தேனி

இரண்டு பேரும் செய்தது வேறு வேறு தப்பு. அறிவிக்கையில் 11° 27′ 36″ என்று டிகிரி, நிமிடம், வினாடியாக இருக்கும். நீங்கள் அதை 11.2736 என்று அடித்திருக்கிறீர்கள். நிமிடத்தை 60-ஆலும் வினாடியை 3600-ஆலும் வகுத்து டிகிரியோடு கூட்ட வேண்டும். 27÷60 = 0.45, 36÷3600 = 0.01, ஆக 11.46. இரண்டுக்கும் வித்தியாசம் 0.1864 டிகிரி, தரையில் 20 கிலோமீட்டருக்கு மேல். மோசமான விஷயம் என்னவென்றால், நிமிடமும் வினாடியும் சின்ன எண்களாக இருக்கும் புள்ளிகளில் பிழை ஒன்றிரண்டு கிலோமீட்டரில் அடங்கிவிடும், அதனால் சட்டென்று கண்ணில் படாது. எக்செல்லில் மூன்று தனிப் பத்திகளாக அடித்து நான்காவதில் கூட்டல் சூத்திரம் போடுங்கள். பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்தால் டிகிரி, நிமிடக் குறிகள் ஒட்டிக்கொண்டு வந்து எண்ணை எழுத்தாக்கிவிடும், கூட்டல் வேலை செய்யாது. குறிகளை முதலில் நீக்குங்கள்.

நண்பர் செய்தது கேஎம்எல், கூகுள் எர்த் படிக்கும் வகைக் கோப்பு. அதில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை பிறகு. நாம் பேசுவதும் அரசிதழ் அச்சிடுவதும் அதற்கு நேர் எதிர். 11 வடக்கு, 77 கிழக்கு என்பதை மாற்றிப் போட்டால் 77 வடக்கு, 11 கிழக்கு. நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டிய கடல் அது. பனிக்கரடிகளின் வாழிடம் என்ற வகையில் அதுவும் தப்பில்லை.

இதைவிடப் பெரிய தப்பு இனிமேல்தான் வரும். புள்ளிகள் சரியாக உட்கார்ந்ததும் அவற்றை நேர்க்கோட்டால் இணைத்து 'எல்லை ரெடி' என்பீர்கள். அட்டவணையின் தலைப்பைப் பாருங்கள்: 'முக்கியமான இடங்களின் புள்ளிகள்' என்றுதான் இருக்கும். இருபது முப்பது புள்ளிகள் இருக்கலாம், எல்லையோ நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளலாம். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே எல்லை ஓடை வழியாகவோ முகடு வழியாகவோ வளைந்து வளைந்து போகும். அது எழுத்தில், 'எல்லை விவரம்' என்ற இணைப்பில் இருக்கிறது. அந்த வாசகத்தை வரிவரியாகப் படித்து, சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத்தில் அந்த ஓடையைக் கண்டுபிடித்து, அதன் மேல் கோட்டை இழுங்கள். அட்டவணைப் புள்ளிகள் உங்கள் கோட்டைச் சரிபார்க்க மட்டுமே. ஏதாவது ஒரு புள்ளி 200 மீட்டருக்கு மேல் விலகி நின்றால், ஒன்று நீங்கள் தவறான ஓடையைப் பிடித்திருக்கிறீர்கள், இல்லையென்றால் அறிவிக்கையிலேயே அச்சுப்பிழை. இரண்டும் நடப்பதுதான்.

பழைய டோப்போஷீட்டை (சர்வே ஆஃப் இந்தியா வரைபடத் தாள்) ஸ்கேன் செய்து களக்காடு மலைப் பகுதிக்குப் பொருத்தினேன். எல்லா ஓடையும் ஒரே பக்கமாக இருநூறு மீட்டர் போல விலகி நிற்கிறது.
– ஓய்வுபெற்ற வரைவாளர், திருநெல்வேலி

எல்லாமே ஒரே பக்கம் விலகுகிறது என்றால் உங்கள் கை சரி, அடிப்படை தப்பு. பழைய தாள்கள் எவரெஸ்ட் 1830 என்ற நீள்கோளத்தை (பூமியின் வடிவத்துக்கான கணக்கு) வைத்து வரையப்பட்டவை. ஜிபிஎஸ்ஸும் செயற்கைக்கோள் படங்களும் டபிள்யுஜிஎஸ் 84 என்ற வேறு கணக்கில். ஒரே அட்ச, தீர்க்க எண், இந்த இரண்டு முறையிலும் தமிழ்நாட்டில் சுமார் 200 மீட்டர் இடைவெளியில் விழும்.

தாளில் ஐந்து நிமிட இடைவெளியில் உள்ள கட்டக் குறுக்குகளைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளாக எடுங்கள். 15 நிமிடத் தாளில் மொத்தம் 16 கிடைக்கும். க்யூஜிஐஎஸ்ஸின் ஜியோரெஃபரன்சர் பெட்டியில் இலக்கு அமைப்பாக, எவரெஸ்ட் நீள்கோளத்தின் மேல் அமைந்த கல்யான்பூர் 1975-ஐ (ஈபிஎஸ்ஜி 4146) கொடுத்துப் பொருத்திவிட்டு, பிறகு டபிள்யுஜிஎஸ் 84-க்கு மாற்றுங்கள். 300 டிபிஐ ஸ்கேனில் ஒரு புள்ளி தரையில் 4 மீட்டர். அச்சில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள எல்லைக்கோடு தரையில் 25 மீட்டர். அதற்கு மேல் துல்லியம் எதிர்பார்க்கக் கூடாது. சர்வே ஆஃப் இந்தியா தளத்தில் கிடைக்கும் புதிய ஓப்பன் சீரீஸ் தாள்கள் டபிள்யுஜிஎஸ் 84-லேயே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. தாளின் ஓரக் குறிப்பில் எது என்று போட்டிருக்கும்.

வரையாட்டுக்கு ஏற்ற வாழிடம் எது என்று செயற்கைக்கோள் படம் வைத்து வரைபடம் தயாரிப்பதுதான் என் முதுகலை ஆய்வு. எப்படித் தொடங்குவது? ஐயுசிஎன் தரும் பரவல் வரைபடம் போதாதா?
– விலங்கியல் மாணவி, உதகை

ஐயுசிஎன் (சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) கோடு, அந்த இனம் இந்த எல்லைக்குள் எங்காவது இருக்கலாம் என்று சொல்வது. அதற்குள் தேயிலைத் தோட்டமும் பேருந்து நிலையமும் இருக்கும். அதை வெளிச் சுவராக வைத்துக்கொண்டு உள்ளே சல்லடை போடுவதுதான் உங்கள் வேலை.

முதல் சல்லடை உயரம். வரையாடு பெரும்பாலும் 1,200 முதல் 2,600 மீட்டர் வரை. விண்கல ரேடார் எடுத்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு 30 மீட்டர் கட்டத்தில் இலவசம். இரண்டாவது சரிவு. பாறை முகடு இல்லாமல் வரையாடு இல்லை, சிறுத்தையோ செந்நாயோ வந்தால் அதற்கு அடைக்கலம் அதுதான். இங்கேதான் எல்லாரும் தடுக்கி விழுவார்கள். உயரத் தரவு டிகிரிக் கட்டத்தில் வரும், உயரம் மட்டும் மீட்டரில். அப்படியே சரிவு கணக்குப் போட்டால் நீலகிரி முழுக்க 89 டிகிரிச் செங்குத்தாகக் காட்டும். முதலில் யுடிஎம் 43 வடக்குக்கு (32643) மாற்றுங்கள். 78 டிகிரி தீர்க்கரேகைக்கு மேற்கே 43, கிழக்கே 44. அந்தக் கோடு திண்டுக்கல்லை ஒட்டிப் போகிறது. நீலகிரி, ஆனைமலை எல்லாம் 43-தான்.

இன்னொன்று. 30 மீட்டர் கட்டம் பாறை முகட்டை மழுக்கிவிடும். தரையில் செங்குத்தாக 20 மீட்டர் இறங்கும் பாறை, தரவில் 30, 35 டிகிரிச் சரிவாகத்தான் தெரியும். எனவே 'பாறை = 60 டிகிரிக்கு மேல்' என்று வைத்தால் வரைபடம் காலியாக வரும். 35-ல் தொடங்கி, உங்களுக்குத் தெரிந்த முகடுகள் வருகின்றனவா என்று பார்த்து ஏற்றி இறக்குங்கள்.

மூன்றாவது, புல்வெளி. சென்டினல்-2 படம் 10 மீட்டர் துல்லியம், ஐந்து நாளைக்கு ஒருமுறை, கோப்பர்நிக்கஸ் தளத்தில் இலவசம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம்தான் கிடைக்கும். ஜனவரி, பிப்ரவரியில் உறைபனியில் புல் பழுப்பேறி, சோலைக்காடும் சீகை (வாட்டில்) மரங்களும் தேயிலையும் பச்சையாகவே நிற்கும். புல்லைப் பிரிக்க அதைவிட நல்ல காலம் இல்லை. ஆனால் ஒரு வில்லங்கம் உண்டு. செயற்கைக்கோள் கடப்பது காலை பத்தரை மணி வாக்கில். அந்த மாதங்களில் சூரியன் தென்கிழக்கில் தாழ இருப்பதால் வடமேற்குச் சரிவுகள் நிழலில் விழும். முக்குருத்தி தேசியப் பூங்காவின் மேற்கு விளிம்புப் பாறைகள், அதாவது வரையாட்டுக்கு மிக வேண்டிய இடம், கறுப்பாக வந்து 'நீர்நிலை' என்று வகைப்பட்டுவிடும். மார்ச் மாதத்துப் படம் ஒன்றைச் சேர்த்து அந்த நிழல் கட்டங்களை மட்டும் அதிலிருந்து நிரப்புங்கள். மார்ச்சில் வேறு தொல்லை, தீப்பிடித்த புல்லும் கறுப்பாகத் தெரியும். இரண்டு மாதப் படங்களையும் ஒப்பிட்டால்தான் நிழல் எது, கரி எது என்று பிரியும்.

பச்சையம் காட்டும் என்டிவிஐ குறியீடு சோலையையும் சீகையையும் பிரிக்காது, இரண்டுமே அடர்பச்சை. உங்கள் ஆய்வுக்கு இரண்டும் 'புல் அல்லாதது' என்பதால் பெரிய நட்டமில்லை. புல்வெளிக்குள் முளைத்துவரும் இளஞ்சீகைதான் ஏமாற்றும். 10 மீட்டர் கட்டத்தில் கால்வாசி மரம், முக்கால்வாசி புல் என்றால் படம் அதைப் புல்வெளி என்றே சொல்லும். மூன்றே வருடத்தில் அங்கே ஆடு மேயாது.

கடைசியாக, பாறைச் சரிவிலிருந்து எவ்வளவு தூரம் வரை உள்ள புல்வெளியைக் கணக்கில் எடுப்பது? 300 மீட்டர் வைத்து ஒன்று, 500 வைத்து ஒன்று என இரண்டு வரைபடம் செய்யுங்கள். எது சரி என்பதைக் களம் சொல்லட்டும். ஒவ்வொரு வகைக்கும் குறைந்தது 50 இடங்களைக் களத்திலோ துல்லியமான படத்திலோ சரிபார்க்காமல் ஆய்வேட்டில் வரைபடத்தை ஒட்டாதீர்கள். சரிபார்த்த பிறகும் உங்கள் வரைபடம் சொல்வது 'இங்கே வாழ முடியும்' என்பதை மட்டும்தான். 'வாழ்கிறது' என்று சொல்வது கணக்கெடுப்பு.

உயிரினங்களைப் பார்த்தவர்கள் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் தேவாங்கு பதிவுகளை இறக்கி வகுப்பில் வரைபடம் போட்டோம். ஒன்று குளத்து நடுவில், ஒன்று நூற்பாலை கூரையில் விழுகிறது. பதிவிட்டவர்கள் கவனக்குறைவா?
– பள்ளி ஆசிரியை, வேடசந்தூர்

கவனத்தோடுதான் மறைத்திருக்கிறார்கள். அருகிவரும் இனங்கள் பலவற்றுக்கு அந்தத் தளமே இருப்பிடத்தை மங்கலாக்கிவிடும், பதிவிடுபவரும் தானாகச் செய்யலாம். உண்மையான இடம் விழும் 0.2 டிகிரிக்கு 0.2 டிகிரிக் கட்டத்துக்குள் எங்காவது ஒரு புள்ளியைப் பொறுக்கி வைக்கும். நம் பக்கம் அந்தக் கட்டம் 22 கிலோமீட்டருக்கு 22 கிலோமீட்டர், ஏறக்குறைய 480 சதுர கிலோமீட்டர். 2022-ல் அறிவிக்கப்பட்ட கடவூர் தேவாங்கு சரணாலயம் மொத்தமே 11,806 ஹெக்டேர், அதாவது 118 சதுர கிலோமீட்டர். ஒரு புள்ளியின் மங்கல் கட்டத்துக்குள் நான்கு சரணாலயம் அடங்கும். இந்தப் புள்ளிகளை வைத்து 'சரணாலயத்துக்கு வெளியே இத்தனை தேவாங்கு' என்று எண்ணினால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

இறக்கிய சிஎஸ்வி கோப்பில் இருப்பிடம் மறைக்கப்பட்டதா என்று ஒரு பத்தி இருக்கும், துல்லியம் எத்தனை மீட்டர் என்று இன்னொன்று. மறைக்கப்பட்டவற்றைத் தள்ளிவிட்டு, துல்லியம் 100 மீட்டருக்குள் உள்ளவற்றை மட்டும் வையுங்கள். நாலைந்துதான் மிஞ்சும் என்றால் வகுப்புக்கு வேறு உயிரினம் எடுங்கள். சாதாரண மைனா எடுத்தால் கற்பிக்க வேண்டியது அத்தனையும் கற்பிக்கலாம்.

மறைத்த இடத்தைக் குறுக்கு வழியில் கண்டுபிடிக்கப் பிள்ளைகளை விடாதீர்கள். தேவாங்கைப் பிடித்து விற்பவர்களும் இதே தளங்களைப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். நீங்கள் எடுத்த படத்தைப் பகிரும்போதும், படக்கோப்புக்குள் ஜிபிஎஸ் எண் ஒளிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது உதிர்ந்துவிடும், 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போய்ச் சேரும்.

ஆவுளியா (கடற்பசு) காப்பகத்துக்குள் இருக்கிறோமா என்று படகில் எப்படித் தெரிந்துகொள்வது? எங்களிடம் கையடக்க ஜிபிஎஸ் இருக்கிறது.
– நாட்டுப்படகு மீனவர், அதிராம்பட்டினம்

2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலோரத்தை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் அறிவிக்கப்பட்டது. மூலைப் புள்ளிகளை அறிவிக்கையிலிருந்து எடுத்து உங்கள் கருவியில் 'வே பாயின்ட்' ஆக ஏற்றலாம். ஒரே எச்சரிக்கை: மீன்பிடி ஜிபிஎஸ்கள் பெரும்பாலும் டிகிரியும் பின்ன நிமிடமும் காட்டும் வகையில் வரும். அதில் 10° 15.500′ என்றால் 15 நிமிடம் 30 வினாடி. 15 நிமிடம் 50 வினாடி என்று படித்தால் 600 மீட்டர் தள்ளிப்போவீர்கள். ஏற்றுவதற்கு முன் கருவியின் அமைப்பில் 'பொசிஷன் ஃபார்மட்' என்ன, 'மேப் டேட்டம்' டபிள்யுஜிஎஸ் 84-தானா என்று பாருங்கள்.

இது சரணாலயம் அல்ல, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 36ஏ-யின் கீழ் வரும் பாதுகாப்புக் காப்பகம். சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி வேண்டும் என்ற விதி இதற்குப் பொருந்தாது. ஆனால் ஆவுளியாவைக் கொல்வதும் பிடிப்பதும் காப்பகத்துக்கு வெளியிலும் குற்றம், அது அந்தச் சட்டத்தின் முதல் பட்டியல் உயிரினம். கோடு எங்கே என்று பார்ப்பதைவிட கடற்புல் எங்கே என்று தெரிந்திருப்பது உங்கள் வலைக்கு நல்லது. அதை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செயற்கைக்கோள் படத்தில் ஆழம் குறைந்த தெளிந்த நீரில் கடற்புல் கருந்திட்டாகத் தெரியும், ஆனால் பாசியும் சேறும் அதே நிறம்.

அமெரிக்காவில் உயிரினத்தின் பெயரைத் தட்டினால் அதன் பாதுகாக்கப்பட்ட வாழிடம் வரைபடத்தில் வந்துவிடுகிறது. இங்கே ஏன் அப்படி இல்லை?
– சென்னை வாசகர்

அங்கே 1973-ஆம் ஆண்டின் அருகிவரும் உயிரினங்கள் சட்டம், பட்டியலிட்ட இனங்களுக்குத் தனித்தனியாக 'இன்றியமையா வாழிடம்' அறிவிக்கச் சொல்கிறது. மீன் மற்றும் வன உயிரினச் சேவைத் துறை அதைப் பதிவிறக்கக்கூடிய கோப்பாகவே தருகிறது. 2012 முதல் அங்கே வரைபடமே சட்டப்பூர்வ எல்லை. அதற்கு முன் நம்மைப்போல எழுத்தில் விவரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கோடு பெரும்பாலும் கூட்டாட்சி அரசு செய்யும், அனுமதிக்கும், பணம் கொடுக்கும் வேலைகளைத்தான் கட்டுப்படுத்தும். தனியார் நிலத்தில் தனியார் செய்வதை நேரடியாகத் தடுக்காது. திருடிப் பிடிக்கும் ஆபத்துள்ள இனங்களுக்கு வரைபடம் வெளியிடாமலும் விடுவார்கள்.

இங்கே பாதுகாப்பு பெரும்பாலும் இடத்துக்கு: பூங்கா, சரணாலயம், காப்பகம். இனத்தின் பெயரில் வரையப்படும் கோடு என்றால் புலிகள் காப்பகத்தின் மையப் பகுதி, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 38வி-யின் கீழ் வருவது. மற்றபடி உயிரினத்தில் தொடங்கித் தேட வேண்டுமென்றால் பரவல் வரைபடத்தையும் பாதுகாக்கப்பட்ட இடங்களின் எல்லையையும் நீங்கள்தான் ஒன்றன்மேல் ஒன்று வைக்க வேண்டும்.

எங்கள் ஊர்ப் பக்கத்துச் சரணாலயத்துக்குச் சூழல் கூருணர்வு மண்டல வரைவு வந்திருக்கிறது. ஓர் ஓடைக் காட்டை விட்டுவிட்டார்கள். ஆட்சேபம் அனுப்ப வரைபடம் எப்படித் தயாரிப்பது?
– இயற்கை ஆர்வலர், ஈரோடு மாவட்டம்

வரைவு அறிவிக்கை மக்கள் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து 60 நாள்தான். முதல் வாரத்திலேயே களத்துக்குப் போங்கள்.

ஓடைக் காட்டின் ஓரமாக நடந்து ஜிபிஎஸ் தடத்தைப் பதியுங்கள். மர நிழலில் கைப்பேசி 10 முதல் 30 மீட்டர் வரை தடுமாறும், அதனால் திருப்பங்களில் ஒரு நிமிடம் நின்று புள்ளி எடுங்கள். வீட்டில் வந்து தடத்தைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்து, தாவி நிற்கும் புள்ளிகளை நீக்கிவிட்டு மூடிய பலகோணமாக்குங்கள். இரண்டு ஏ4 தாள் போதும். முதல் தாளில் வரைவு எல்லை, சரணாலய எல்லை, நீங்கள் கேட்கும் பகுதி மூன்றும் வேறு வேறு கோட்டு வகையில். நிறம் மட்டும் மாற்றினால் கறுப்பு வெள்ளை நகலில் எல்லாம் ஒன்றாகிவிடும். இரண்டாம் தாளில் அந்தப் பகுதியின் சர்வே எண்கள், கிராமம், ஹெக்டேர், மூலைப் புள்ளிகள் டிகிரி-நிமிடம்-வினாடியில், வரைவின் அட்டவணை எந்த வடிவில் இருக்கிறதோ அதே வடிவில். எந்த உயிரினம், எந்தத் தேதியில், யார் பார்த்தது என்பதையும் எழுதுங்கள். கூடு இருக்கும் மரத்தின் புள்ளியை மட்டும் போடாதீர்கள், மனு பல மேசை தாண்டிப் போகும். கேஎம்எல் கோப்பை மின்னஞ்சலிலும், தாள்களை விரைவு அஞ்சலிலும் வரைவில் உள்ள முகவரிக்கு அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.